ஐயாயிரத்து எண்ணூறில் மாறும் குரல்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறும்போது இன்னும் படிக்கு ஒரு தடவை உன்னைத் திட்டுகிறாரா? இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம்.

இவன் எதற்குத் திடீரென்று பேனாவைத் தூக்கினான் என்று நினைப்பாய். போனில் நீ பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. போனை மாற்றிப் பார்த்தேன், புதியதும் அதே லட்சணம். கடிதம் என்றால் நீ சொல்வதை இரண்டு தரம் படித்துக்கொள்ளலாம்.

விஷயம் என் கார். பகலெல்லாம் நாற்பது பேரை ஏற்றிப் பேருந்து ஓட்டுகிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை இரண்டே இருக்கையுள்ள வண்டியில் ஒருத்தியை மட்டும் ஏற்றிக்கொண்டு போவதுதான் ஓய்வு. இருபது வருஷப் பழசு, இடிபட்டுக் கிடந்தது, இதைப் போய் வாங்குவானா என்று எல்லோரும் சிரித்தார்கள். உன் தொழிற்சாலையில் பிறந்தது, அதன் எஞ்சினில் உன் கை பட்டிருக்கிறது என்பதற்காகவே வாங்கினேன். அது உனக்குத் தெரியும்.

கடைத்தெருவில் அது பரம சாது. ஆனால் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுகிற முள் ஐயாயிரத்து எண்ணூறைத் தாண்டியதும் தொண்டையைத் திறந்து ஒரு உறுமல் உறுமும். அதற்காகத்தான் ஊருக்கு வெளியே நேர்ச்சாலைக்குப் போவேன். இரண்டு மாதமாக அந்தக் குரலைக் காணோம். முள் ஏறுகிறது, வண்டி ஊமையாகவே போகிறது. பதிலுக்கு எங்கிருந்தோ மெல்லிய விசில் சத்தம் ஒன்று சேர்ந்திருக்கிறது. மெக்கானிக் 'டார்ச்' (எந்நேரமும் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர்) எல்லாம் சரியாக இருக்கிறது என்று சத்தியம் செய்கிறார்.

உன் தம்பி மனைவி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள் என்று நினைக்கிறேன். நூலகத்தில் வேலை பார்த்துப் பார்த்து இப்போதெல்லாம் வீட்டிலும் ரகசியமே பேசுகிறாள்.

பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி

ஜனவரி 26

அன்புத் தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. அத்தான் கூடக் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து படித்தார். முழங்கால் தேவலை. திட்டு குறையவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வண்டிக்கு வருகிறேன். எஞ்சினும் மூச்சு விடுகிறது. வால்வு திறந்தால் காற்று உள்ளே போகும். அதை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, எப்போது மூடுவது என்பதுதான் இருபத்து மூன்று வருஷமாக என் பிழைப்பு. மெதுவாகச் சுற்றும்போது கொஞ்சமாகத் திறந்து சீக்கிரம் மூட வேண்டும். இல்லாவிட்டால் வந்த காற்று வந்த வழியே திரும்பிவிடும், வண்டி திக்கும். வேகமாகச் சுற்றும்போது அந்தக் கொஞ்சம் போதாது. அகலமாகத் திறந்து கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். சாதாரண வண்டியில் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்றை வைத்து ஒப்பேற்றிவிடுவார்கள். வால்வைத் தள்ளித் திறக்கிற முட்டை வடிவ இரும்புக்குக் கேம் என்று பெயர். உன்னுடையதில் சிறிய கேம் ஒன்று, பெரிய கேம் ஒன்று. சுற்று ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளும். சிறியது ஒதுங்கும், பெரியது பொறுப்பேற்கும். ஒரே எஞ்சினுக்குள் இரண்டு சுபாவம். கடைத்தெருவில் சாது, நேர்ச்சாலையில் முரடு என்று நீ சொல்வது இதனால்தான்.

ஆக, ஆயில்தான் சாவி. அளவு குறைந்தாலோ அழுக்கானாலோ ஊசி நகராது. ஆயிலை மாற்று. ஆயிலைத் திறந்துவிடும் மின்வால்வுக்கு அடியில் விரல்நக அளவில் ஒரு கம்பி வலை இருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல். பத்துக்கு எட்டு வண்டியில் அதுதான் அடைத்திருக்கும்.

விசில் எப்போது வருகிறது, எந்தச் சுற்றில் என்று கவனித்து எழுது.

இருவருக்கும் எங்கள் அன்பு.
அக்கா

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ சொன்னபடி ஆயில் மாற்றியாயிற்று. வலையையும் கழற்றினோம். டார்ச் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா அங்கிருந்தே என்னைச் சந்தேகப்படறாங்களா? இதுல தண்ணி வடிகட்டிக் குடிக்கலாம், அவ்ளோ சுத்தம்" என்றார். வாயில் டார்ச் இருந்ததால் பாதி எனக்குப் புரியவில்லை. இரண்டு தடவை கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

வண்டி இன்னும் ஊமைதான்.

விசிலைக் கவனித்தேன். எல்லாச் சுற்றிலும் இருக்கிறது. நிற்கும்போதும் இருக்கிறது. அணைத்துப் பூட்டிவிட்டு மூன்று மாடி ஏறி வந்து செருப்பைக் கழற்றும்போது கூடச் சன்னமாக நிற்கிறது. பழகிப்போன சத்தம் காதை விட்டுப் போக நேரமாகும் போல.

வேலை வழக்கம்போல. டிப்போவில் வருடாந்திர உடல் பரிசோதனை முடிந்தது. தேறிவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.
தம்பி

மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உனக்குத் தலைவலி, தலைசுற்றல் ஏதாவது உண்டா? தூக்கம் வருகிறதா? மறக்காமல் எழுது.

ஐயாயிரத்து எண்ணூறு என்ற எண்ணின் கதையை உனக்குச் சொன்னதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் அந்த எஞ்சின் என் சோதனை அறைக்கு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது சிவக்கச் சிவக்கச் சுற்றும், இந்தப் பக்கம் நான் எண்களை எழுதுவேன். சிறிய கேமின் இழுவை சரிந்து பெரிய கேமின் இழுவை ஏறி, இரண்டும் சமமாகிற இடம் ஐயாயிரத்து இருநூறு. அங்கே மாற்றினால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. முறைப்படி அதுதான் சரி. நான் அறுநூறு சுற்றுத் தள்ளி வைத்தேன். அந்த அறுநூறில் வண்டி கொஞ்சம் சோர்ந்து, பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளும்.

கூட்டத்தில் எல்லோரும் எதிர்த்தார்கள். "கோளாறுன்னு நெனச்சு வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்துவாங்க" என்றார் ஒருவர். என் தலைமைப் பொறியாளர் எழுந்தார். சோதனை வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முக்கால் மணி கழித்துத் தலைமுடி கலைந்து திரும்பி வந்தார். "சௌகரியம் வேணும்னா வேற வண்டி வாங்கிக்கட்டும். இது இப்படியே இருக்கட்டும்" என்றார். அவருக்கு நான் இன்றுவரை கடன்பட்டவள். அவர் மட்டும் அன்று வெளியே போகாமல் இருந்திருந்தால், உன் வண்டிக்கு நீ தேடுகிற குரலே இருந்திருக்காது.

இப்போது ஒரு சோதனை செய். ஆளில்லாத நேர்ச்சாலை, இரண்டாவது கியர், நாலாயிரத்திலிருந்து ஏழாயிரத்து ஐந்நூறு வரை ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்து. பக்கத்தில் உட்கார்ந்து உன் மனைவி நேரம் பார்க்கட்டும். மூன்று தடவை. எண்களை அவளையே எழுதச் சொல்.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

தலைவலி இல்லை. ஒன்றும் இல்லை. நீ பார்க்க வேண்டியது வண்டியை, என்னை இல்லை.

சோதனை முடிந்தது. அவள் கண்ணை மூடிக்கொள்ளாமல் நேரம் பார்த்ததே பெரிய விஷயம். 4.2, 4.1, 4.2 விநாடி. முதுகில் தள்ளுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் குரல் இல்லை. வேறெங்கோ பழுது. புகைக்குழாயாக இருக்குமோ?

தம்பி

அண்ணி, உறையை ஒட்டும் முன் உங்கள் தம்பி மனைவி நான் இதைச் சேர்க்கிறேன். எண்கள் நான் எழுதியவைதான். ஆனால் ஒன்று. முள் ஐயாயிரத்து எண்ணூறு தாண்டியதும் எனக்கு அந்த உறுமல் கேட்டது. மூன்று தடவையும். "கேக்குதே" என்றேன். "உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 4

என் அன்புத் தம்பிக்கு,

நீயும் அவளும் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இன்று வேறு விசாரிப்பு இல்லை.

தொழிற்சாலைத் தாளில் அந்த வண்டிக்குரிய நேரம் 4.1 விநாடி. பெரிய கேம் பொறுப்பேற்காமல் அந்த நேரம் வராது. உன் வண்டி முழு ஆரோக்கியம். டார்ச்சிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

காற்றை இழுக்கும் குழாய் அந்த வண்டியில் இடப்பக்கம் இருக்கிறது. உறுமல் அங்கிருந்துதான் வரும். உன் வலது காதை ஜன்னல் காற்று நிறைத்துவிடும். ஆகவே அந்தக் குரலை நீ இத்தனை நாள் கேட்டது இடது காதால். பக்கத்து இருக்கையில் பேசுகிறவள் ரகசியம் பேசுவதாகத் தோன்றுவதும் அந்தக் காதால். போனை நீ சின்ன வயதிலிருந்து வைத்துக்கொள்வது எந்தக் காதில் என்று எனக்குத் தெரியும். அணைத்த எஞ்சின் மூன்று மாடி ஏறி வந்து விசிலடிக்காது.

குறை வண்டியில் இல்லையடா.

காது டாக்டரைப் பார். இந்த வாரமே. பார்க்கிற வரை பேருந்தில் ஏறாதே. இதை உன் மனைவியிடம் சொல்ல வாய் வரை வந்தது. உன் காது, உன் வேலை, முதலில் நீ சொல்ல வேண்டிய விஷயம் என்று நிறுத்திக்கொண்டேன்.

உன் மேல் கோபமே இல்லாத,
அக்கா

ஏப்ரல் 22

தம்பிக்கு,

என் கடிதம் இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும். போன் செய்தால், "கேக்கல அக்கா" என்று வைத்துவிடுகிறாய். இன்னும் ஒரு வாரம் பொறுப்பேன். பிறகு உன் டிப்போவுக்கே எழுதுவேன். உன் பேருந்தில் ஏறுகிற யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களுக்கும் அக்கா தம்பி இருப்பார்கள். வாழ்நாள் முழுக்க நீ என்னோடு பேசாவிட்டாலும் எழுதுவேன்.

இந்தக் கடிதம் போய்ச் சேரும்முன் உன் பதில் வந்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

அக்கா

மே 6

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். இவர் நலம் என்று எழுத முடியவில்லை. ஆனால் நல்ல கைகளில் இருக்கிறார். பேருந்தை விட்டுவிட்டார் என்று மட்டும் போனில் சொன்னேன், மற்றதை இதில் எழுதுகிறேன்.

உங்கள் ஏப்ரல் நாலாம் தேதிக் கடிதத்தை இவர் எனக்குக் காட்டவில்லை. அது கிடைத்த பிறகும் ஐந்து நாள் பேருந்து ஓட்டினார். ஆறாம் நாள் ஒரு நிறுத்தத்தில் ஒரு பெண் இறங்கினாள். கைப்பையின் வார் கதவில் மாட்டிக்கொண்டது. இவர் வண்டியை எடுத்துவிட்டார். அவள் இடப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே கூட ஓடியிருக்கிறாள். பேருந்து முழுக்கக் கத்தியிருக்கிறது, ஆனால் இவர் வலது காதை ஜன்னல் வழி வந்த சாலை இரைச்சல் நிறைத்திருந்தது. முன் இருக்கையில் இருந்தவர் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் இவர் நிறுத்தினார். ஆண்டவன் புண்ணியம், ஒரு செருப்பு அறுந்ததோடு போயிற்று.

இவர் இறங்கிப் போய் அந்தப் பெண்ணிடம் கையெடுத்துக் கும்பிட்டாராம். அவள் திட்டவில்லை. "தட்டினேனே அண்ணா, கேக்கலையா?" என்று மட்டும் கேட்டாளாம். இவர் வேறு ஓட்டுநர் வரும் வரை நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். பிறகு டிப்போ மேலாளரிடம் போய், தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அன்று மாலை நூலகத்துக்கு வந்தார். புத்தக அடுக்குகளுக்கு நடுவே என்னிடம் சொன்னார். அவர் குரல் பெரிதாக இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவரைத் தடுக்கவில்லை.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். செவி நரம்பின் மேல் பட்டாணி அளவுக் கட்டி. புற்று இல்லை. "இப்பவே எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நெறைய பேர் முகம் கோணின பிறகுதான் வருவாங்க" என்று கேட்டார். கார் எஞ்சினால் என்று இவர் சொன்னதை டாக்டர் நம்பியதாகத் தெரியவில்லை.

பத்தொன்பதாம் தேதி அறுவைச் சிகிச்சை. உங்கள் இரண்டாவது கடிதம் நேற்றுத்தான் வந்தது. படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

உங்கள்,
தம்பி மனைவி

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு, முழு முகத்தோடு எழுதுகிறேன். அத்தான் சௌக்கியமா? நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா?

கட்டி முழுதாக வந்துவிட்டது. இடது காது போய்விட்டது, திரும்பாது. முகத்து நரம்பு தப்பியது. இரண்டு கண்ணும் மூடுகிறது, சிரித்தால் இரண்டு பக்கமும் சிரிக்கிறது. கண்ணாடி முன் நின்று தினமும் ஒரு தடவை சிரித்துச் சரிபார்த்துக்கொள்கிறேன். நேராக நடக்கத்தான் இன்னும் சுவர் வேண்டியிருக்கிறது.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரியும் அக்கா. முதல் கடிதம் எழுதும் முன்பே தெரியும். போனை வலது காதுக்கு மாற்றினால் நீ பேசுவது தெளிவாகக் கேட்கும் என்று தெரியும். ஆனால் மாற்றிவிட்டால் இடது காது போய்விட்டதென்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பதினெட்டு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறேன், வேறொன்றும் தெரியாது. டிப்போ பரிசோதனையில் டாக்டரின் உதட்டைப் பார்த்துச் சொல்லித் தேறினேன். வண்டியில் கோளாறு இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன். நீ கண்டுபிடித்துக் கொடுப்பாய் என்று காத்திருந்தேன். நீ கண்டுபிடிக்கவும் செய்தாய்.

அந்த ஐந்து நாளில் எத்தனை பேரை ஏற்றினேன் என்று இரவில் கணக்குப் போடுகிறேன். அந்தப் பெண்ணுக்குப் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போனேன். அளவு தெரியாமல் பெரிதாக வாங்கிவிட்டேன். அவள் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். இனி பேருந்து ஓட்ட அனுமதி இல்லை. மேலாளர் பரிசோதனை விஷயத்தில் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். கொடுத்துவிட்டு, நேர அட்டவணை போடுகிற அறையில் ஒரு மேஜையும் காட்டினார். "எந்த நிறுத்தத்துல எத்தனை விநாடி நிக்கணும்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்?" என்றார். முதல் வேலையாக, எல்லா நிறுத்தத்துக்கும் ஆறு விநாடி கூட்டிப் போட்டிருக்கிறேன்.

நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். நன்றி அக்கா.

தம்பி

ஜூலை 25

என் தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம். உன் கடிதம் வந்த அன்று அத்தான் முழங்காலை மறந்து இரண்டு இரண்டு படியாக ஏறினார். மறுநாள் அதற்கும் சேர்த்துத் திட்டினார்.

எனக்கும் ஒப்புக்கொள்ள ஒன்று இருக்கிறது. அந்த விநாடிக் கணக்கு வந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. ஆறு நாள் பேனாவைத் தொடவில்லை. எழுதினால் உன் வேலை போகும், எழுதாவிட்டால் என்ன போகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அந்த ஆறு நாளும் நீ பேருந்து ஓட்டினாய். உன் ஐந்து நாளை நீ சுமப்பது போல என் ஆறு நாளை நான் சுமக்கிறேன். அந்தப் பெண் செருப்போடு தப்பினாள் என்பதற்கு நாம் இருவருமே சேர்ந்து கும்பிட வேண்டும்.

என் பழைய தலைமைப் பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். உன் கதையைச் சொன்னேன். ஐயாயிரத்து இருநூறில் மாற்றியிருந்தால் இந்தக் குரல் யார் காதிலும் விழுந்திருக்காது, காணாமல் போனதும் தெரிந்திருக்காது என்றேன். அதற்கு அவர், "அன்னிக்கு நான் முக்கால் மணி ஓட்டினது சோதனைக்கு இல்லம்மா. முதல் பத்து நிமிஷத்துலயே முடிவு பண்ணிட்டேன். மிச்சம் சந்தோஷத்துக்கு" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், இருவரும் கவனமாக இருங்கள். இங்கே சுவரைப் பிடிக்காமல் நடக்கிறேன்.

ஆறு மாதம் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வண்டி கீழே தூசி படிந்து நிற்பதைப் பார்க்க முடியவில்லை. விற்றுவிடலாமா என்று இவளிடம் கேட்டேன். அடுத்த வாரத்திலிருந்து நூலகம் முடிந்து ஒரு மணி நேரம் தாமதமாக வர ஆரம்பித்தாள். கேட்டால் வேலை என்றாள். ஆறாவது வாரம் கையில் ஓட்டுநர் உரிமத்தோடு வந்து நின்றாள். டார்ச்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார். எனக்கு மூச்சு விடவில்லை.

போன ஞாயிறு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நேர்ச்சாலைக்குப் போனாள். மூவாயிரத்தைத் தாண்டாமல், தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி ஓட்டினாள். சாலையின் பாதியில் என்ன தோன்றியதோ, கியரைக் குறைத்து அழுத்தினாள். நாலாயிரம், ஐந்தாயிரம். அந்தச் சோர்வு வந்தது, நீ வேண்டுமென்றே வைத்த அறுநூறு சுற்று. பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளியது. உறுமல் எனக்குத் தூரத்து இடி போல லேசாகத்தான் இருந்தது. அது எனக்குக் குறையாகப் படவில்லை, ஏனென்றால் இவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். நான் ஓட்டும்போது இவள் எப்போதும் என் இடப்பக்கம் இருந்தாள். இப்போது இடம் மாறி உட்கார்ந்ததில் இவள் என் நல்ல காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். நூலகத்தில் யார் புத்தகத்தைக் கிழித்தார்கள், டார்ச் அவளை எப்படியெல்லாம் திட்டினார், மருத்துவமனை வாசலில் தனியாக என்ன நினைத்தாள், எல்லாம். ஒரு சொல் தவறாமல் கேட்டது. டாக்டர் சொன்ன ஆறு மாதம் அடுத்த மாதம் முடிகிறது. அதை இவளிடம் இன்னும் நான் ஞாபகப்படுத்தவில்லை.

என்றும் உன்,
தம்பி